மருந்துக்குக் கேட்காத காய்ச்சல்

1996ஆம் ஆண்டு மழைக்காலம். மும்பையில் ஒரு மருத்துவமனையின் நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் நான் வேலை பார்த்து வந்தேன். தாராவியிலிருந்து பதினொரு வயதுப் பையன் ஒருவனை டைஃபாய்டு என்று சேர்த்திருந்தார்கள். அவன் இரத்தம் கிருமி வளர்ப்புச் சோதனைக்காக எங்களிடம் வந்தது. மூன்றாம் நாள் கிருமி வளர்ந்தது. எந்தெந்த மருந்துக்கு அது கட்டுப்படும் என்று பார்த்து, சிப்ரோஃப்ளாக்சசினுக்கு நேரே 'எஸ்' என்ற எழுத்தைப் போட்டவன் நான்தான். அந்த எழுத்துக்கு 'இந்த மருந்துக்குக் கேட்கும்' என்று பொருள். மருத்துவர்களும் அதையே கொடுத்தார்கள். ஏழு நாள் ஆயிற்று, எட்டு நாள் ஆயிற்று. காய்ச்சல் 103 டிகிரியை விட்டு இறங்கவில்லை.

ஆய்வகத்தில் தமிழ் பேசுகிற ஆள் ஒருவர் இருக்கிறார் என்று யாரோ சொல்ல, பையனின் தாயார் என்னைத் தேடிக்கொண்டு வந்தார். திருநெல்வேலிப் பக்கம். கையில் நான் எழுதிய சீட்டு.

“அண்ணாச்சி, நீங்க எழுதுன சீட்டுல இந்த மருந்துக்குக் கேக்கும்னுதான போட்டிருக்காம்? பொறவு காய்ச்சல் ஏன் விட மாட்டேங்கு?”

எனக்குப் பதில் தெரியவில்லை. தட்டை மறுபடி எடுத்துப் பார்த்தேன். அளவில் தவறில்லை. பையனுக்கு மருந்தை மாற்றி ஊசி போட ஆரம்பித்தார்கள். ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டது, பிழைத்துக்கொண்டான். ஆனால் அந்த அம்மாள் கேட்ட கேள்வி மட்டும் என்னிடமே தங்கிவிட்டது. அதற்கு விடை சொல்ல வேண்டுமானால் டைஃபாய்டு கிருமி ஒவ்வொரு மருந்தாக எப்படித் தாண்டி வந்தது என்பதை முதலிலிருந்து சொல்ல வேண்டும்.

டைஃபாய்டைக் குடற்காய்ச்சல் என்று தமிழில் எழுதுகிறோம். பொருத்தமான பெயர்தான். வெளியே தெரிவது காய்ச்சல், நுழைவாயில் குடல். சால்மொனெல்லா டைஃபி என்னும் இந்தக் கிருமி ஆடு, மாடு, கோழி எதிலும் குடியிருப்பதில்லை. மனிதனிடம் மட்டுமே வாழ்கிறது. நோயாளியின் மலத்தோடு வெளியேறி, குடிநீரிலோ உணவிலோ கலந்து, அடுத்தவர் வயிற்றுக்குள் போகிறது. அங்கே சிறுகுடலின் சுவரைத் துளைத்துக்கொண்டு ஈரல், மண்ணீரல், எலும்பு மச்சை என்று உட்கார்ந்து பெருகி, ஒன்றிரண்டு வாரம் கழித்து இரத்தத்தில் இறங்கும்போதுதான் காய்ச்சல் தொடங்குகிறது. நாளுக்கு நாள் ஏறும். வயிற்றுப்போக்கு இருந்தே தீர வேண்டும் என்பதில்லை; பலருக்கு மலச்சிக்கல்தான் இருக்கும். கவனிக்காமல் விட்டால் மூன்றாவது வாரத்தில் குடலில் ஓட்டை விழலாம். மருந்து வருவதற்கு முந்தைய காலத்தில் இந்நோய் கண்ட பத்துப் பேரில் ஒருவராவது இறந்தார்கள். பிழைத்தவர்களும் தலைமுடி கொட்டி, எலும்பும் தோலுமாய் மாதக்கணக்கில் கஞ்சி குடித்துக் கிடந்தார்கள் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

முதல் மருந்து கிடைத்தது கோலாலம்பூரில். 1948இல் தியோடர் உட்வர்ட் என்ற அமெரிக்க மருத்துவரும் அவருடைய குழுவினரும், குளோராம்ஃபெனிக்கால் என்ற புதிய மருந்தைப் புதர்க்காய்ச்சல் நோயாளிகளிடம் சோதித்துப் பார்க்க மலாயா போயிருந்தார்கள். வெனிசுவேலா நாட்டு மண்ணில் கிடைத்த ஒரு நுண்ணுயிரியிலிருந்து அதற்கு முந்தைய ஆண்டுதான் அந்த மருந்து பிரித்தெடுக்கப்பட்டிருந்தது. மருந்து கொடுக்கப்பட்டவர்களில் டைஃபாய்டு நோயாளிகளும் இருந்தது பின்னர் தெரிந்தது. வாரக்கணக்கில் நீடிக்க வேண்டிய காய்ச்சல் சில நாட்களிலேயே இறங்கிவிட்டது. தேடிப் போனது ஒன்று, கிடைத்தது இன்னொன்று. அதன் பிறகு கால் நூற்றாண்டுக் காலம் டைஃபாய்டு என்றால் குளோராம்ஃபெனிக்கால்தான். அபூர்வமாகச் சிலருக்கு எலும்பு மச்சையைக் கெடுத்து உயிரையே வாங்கிவிடும் குணமும் அதற்கு உண்டு. ஆனாலும் வேறு வழியில்லாததால் அதையே நம்பியிருந்தார்கள்.

1972இல் அந்த நம்பிக்கையில் முதல் விரிசல் கண்டது. அந்த ஆண்டு மெக்ஸிகோவில் ஆயிரக்கணக்கானவர்களைத் தாக்கிய டைஃபாய்டு குளோராம்ஃபெனிக்காலுக்குக் கட்டுப்படவில்லை. அதே ஆண்டில் நமக்குப் பக்கத்திலே கோழிக்கோட்டிலும் அப்படிப்பட்ட கிருமி கிடைத்தது. ஆய்வாளர்கள் பணிக்கரும் விமலாவும் அதைப்பற்றி 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். அவர்கள் சொன்னதில் கவலைக்குரிய சொல் 'எதிர்ப்பு' அன்று, 'கைமாறக்கூடிய எதிர்ப்பு' என்பதே. அந்தக் கிருமி தன்னுடைய எதிர்ப்புச் சக்தியை வேறொரு கிருமிக்குக் கொடுக்க வல்லதாக இருந்தது.

உறைமோர் கதை

கிருமிகள் இப்படிக் கைமாற்றுக் கொடுக்கும் என்பதை முதலில் கண்டுபிடித்தவர்கள் ஜப்பானியர்கள். 1955இல் ஹாங்காங்கிலிருந்து ஜப்பான் திரும்பிய ஒரு பெண்மணிக்குச் சீதபேதி வந்தது. அவர் வயிற்றில் இருந்த ஷிகெல்லா கிருமி ஒரே சமயத்தில் நான்கு மருந்துகளுக்குக் கட்டுப்படாமல் நின்றது. தொடர்ந்து அங்கே அப்படிப்பட்ட நோயாளிகள் பெருகினார்கள். ஒரு மருந்தைத் தாங்கக் கற்றுக்கொள்வதே ஒரு கிருமிக்கு அபூர்வ நிகழ்ச்சி. நான்கையும் தற்செயலாக, ஒன்றன்பின் ஒன்றாகக் கற்றுக்கொள்வது நடக்கவே முடியாத காரியம். இன்னொரு விந்தையும் இருந்தது. அதே நோயாளிகளின் குடலில், யாருக்கும் தீங்கு செய்யாமல் குடித்தனம் நடத்தும் ஈ.கோலை கிருமிகளும் அதே நான்கு மருந்துகளை எதிர்த்து நின்றன. 1959இல் அகிபாவும் ஓச்சியாயும் இதன் இரகசியத்தை வெளிக்கொணர்ந்தார்கள். எதிர்ப்புச் சக்தி ஈ.கோலையிலிருந்து ஷிகெல்லாவுக்கு நேரடியாகக் கைமாறுகிறது.

எப்படி என்பதற்கு நம் வீட்டு உறைமோரை விட நல்ல உவமை எனக்குத் தோன்றவில்லை. பக்கத்து வீட்டு மாமி கிண்ணத்தை நீட்டி, “ஒரு கரண்டி உறைமோர் கொடுங்கோ” என்கிறார். கொடுத்ததனால் நம் தயிர் குறைந்துவிடுவதில்லை. அவர் வீட்டிலும் மறுநாள் ஒரு பானைத் தயிர். அதற்கடுத்த நாள் அவர் மூன்றாம் வீட்டுக்குக் கொடுக்கலாம். கிருமிக்குள் பிளாஸ்மிட் என்று ஒரு சிறு வளையம் இருக்கிறது. பரம்பரைச் செய்திகளை வைத்திருக்கும் டி.என்.ஏ.வால் ஆனது, ஆனால் முதன்மையான டி.என்.ஏ.வோடு சேராமல் தனியே மிதப்பது. மருந்தை முறிக்கும் வித்தைகள் இந்த வளையத்தில் எழுதப்பட்டிருக்கும். ஒரு கிருமி இன்னொன்றோடு குழாய்போல் ஒட்டிக்கொண்டு இந்த வளையத்துக்கு ஒரு நகல் எடுத்துக் கொடுத்துவிடும். தன்னிடமும் ஒன்று இருக்கும். சொந்தச் சாதிக் கிருமியாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஒரே வளையத்தில் நான்கு மருந்துக்கான வித்தைகள் இருந்தால் நான்கும் ஒரே கரண்டியில் போய்விடும்.

1989, 1990 வாக்கில் இந்தியாவில் இதுதான் நடந்தது. குளோராம்ஃபெனிக்காலுக்கு மாற்றாக அப்போது ஆம்பிசிலின், கோட்ரைமாக்சசோல் என்ற இரண்டு மருந்துகள் கையில் இருந்தன. ஒன்று போனாலும் இரண்டு இருக்கிறதே என்ற தெம்பு. ஆனால் மூன்றையும் எதிர்க்கும் வித்தை ஒரே பிளாஸ்மிட்டில் ஏறிக்கொண்டு டைஃபாய்டு கிருமிக்குள் வந்து சேர்ந்தது. மூன்று கதவும் ஒரே நாளில் சாத்தப்பட்ட மாதிரி. அந்த ஆண்டுகளில் மருத்துவமனைகளில் குழந்தைகள் பட்ட பாட்டைப் பார்த்தவர்கள் எளிதில் மறக்கமாட்டார்கள்.

'எஸ்' என்று எழுதியது ஏன்?

அந்த நேரத்தில் கைகொடுத்தது சிப்ரோஃப்ளாக்சசின். மாத்திரையாகவே விழுங்கலாம், கிருமி ஒளிந்திருக்கும் உயிரணுக்களுக்குள்ளேயும் போய்ச் சேரும், காய்ச்சல் நான்கைந்து நாளில் விடும். இந்தியக் கம்பெனிகள் பல அதைத் தயாரிக்க முற்பட்டதால் விலையும் மளமளவென்று சரிந்தது. ஏழைக்கும் எட்டிய நல்ல மருந்து. அதுவே அதற்கு வினையாகவும் முடிந்தது. டைஃபாய்டுக்கு என்று வைத்துக்கொள்ள வேண்டிய மருந்தை நாம் எல்லாவற்றுக்கும் விழுங்கினோம். தொண்டை வலிக்குச் சிப்ரோ, சிறுநீர்க் கடுப்புக்குச் சிப்ரோ, கல்யாண வீட்டில் சாப்பிட்டு இரண்டு தடவை வயிறு போனால் அதற்கும் சிப்ரோ.

இந்த மருந்தை டைஃபாய்டு கிருமி வென்ற விதம் வேறு. இது உறைமோர் விவகாரம் அன்று. கிருமி இரண்டாகப் பிரியும்போது தன் டி.என்.ஏ.வைப் படியெடுக்கிறது. அதற்கு உதவும் ஒரு நொதியைத்தான் சிப்ரோஃப்ளாக்சசின் பிடித்துக்கொண்டு வேலை செய்யவிடாமல் தடுக்கும். படியெடுக்கும்போது எப்போதாவது ஓர் எழுத்துப்பிழை நேர்ந்து, அந்த நொதியின் உருவம் இம்மியளவு மாறிவிடுவதுண்டு. அதன் பிறகு மருந்தின் பிடி முழுவதும் விட்டுப்போகாது, தளர்ந்துவிடும். கிருமியைக் கொல்ல முன்பைவிடப் பல மடங்கு மருந்து தேவைப்படும். இந்த அரைகுறை நிலைதான் எங்களை ஏமாற்றியது.

ஆய்வகத்தில் நாங்கள் செய்வது இதுதான். ஊட்டக்கூழ் தட்டில் கிருமியைப் புல்தரைபோல் பரப்பி, அதன்மேல் ஒவ்வொரு மருந்திலும் தோய்த்த சிறு காகிதப் பொட்டுகளை வைப்போம். மறுநாள் பார்த்தால், மருந்து பலிக்கும் இடத்தில் பொட்டைச் சுற்றிக் கிருமி வளராத வெற்று வட்டம் தெரியும். அந்த வட்டத்தை அளவுகோலால் அளப்போம். சிப்ரோஃப்ளாக்சசினுக்கு அன்றைய விதிப்படி 21 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் இருந்தால் 'எஸ்'. தாராவிப் பையனின் தட்டில் 21க்கு மேல் நன்றாகவே இருந்தது. ஆகவே 'எஸ்' போட்டேன். உண்மையில் டைஃபாய்டு கிருமிக்கு அந்த விதி போதாது. பிடி தளர்ந்த கிருமியும் 21ஐத் தாண்டிவிடும், ஆனால் நோயாளியின் உடம்பில் மருந்து தோற்றுவிடும்.

இதைக் காட்டிக்கொடுத்தது ஒரு பழைய மருந்து. சிப்ரோஃப்ளாக்சசினின் மூத்த உறவான நாலிடிக்சிக் அமிலம் டைஃபாய்டுக்குக் கொடுக்கப்படுவதில்லை. ஆனால் அந்தப் பொட்டைத் தட்டில் வைத்தால், பிடி தளர்ந்த கிருமி அதைச் சிறிதும் மதிக்காமல் பொட்டின் ஓரம் வரை வளர்ந்து நிற்கும். மெல்ல மெல்ல எல்லா ஆய்வகங்களும் இந்தச் சாட்சிப் பொட்டை வைக்க ஆரம்பித்தன. பல நாட்டு ஆய்வகங்கள் பின்பற்றும் அமெரிக்கத் தர அமைப்பு, டைஃபாய்டு கிருமிக்கான அளவை 21இலிருந்து 31 மில்லிமீட்டராக உயர்த்தியது 2012இல்தான். அதாவது நான் அந்தச் சீட்டு எழுதிப் பதினாறு ஆண்டுகள் கழித்து. இன்று இந்தியாவில் டைஃபாய்டு நோயாளிகளிடம் கிடைக்கும் கிருமிகளில் மிகப் பெரும்பாலானவை சிப்ரோவுக்குக் கேட்பதில்லை.

மிச்சமிருப்பவை இரண்டு. ஊசியாகப் போடும் செஃப்ட்ரியாக்சோனும் அதன் இனத்து மாத்திரையான செஃபிக்ஸிமும் ஒரு பக்கம். அசித்ரோமைசின் மாத்திரை இன்னொரு பக்கம். இவையும் எத்தனை நாளைக்கு என்ற கேள்வி 2016இல் எழுந்தது. பாகிஸ்தானில் சிந்து மாகாணத்து ஹைதராபாதில் பரவிய டைஃபாய்டு, பழைய மருந்துகள் மூன்று, சிப்ரோஃப்ளாக்சசின், செஃப்ட்ரியாக்சோன் ஆகிய எல்லாவற்றையும் எதிர்த்தது. வாயால் சாப்பிட மிஞ்சியது அசித்ரோமைசின் ஒன்றே. அது கேட்காவிட்டால் மெரோபெனம் போன்ற விலைமிகுந்த ஊசிகள். அந்தக் கிருமியின் டி.என்.ஏ.வை முழுமையாகப் படித்துப் பார்த்தபோது, செஃப்ட்ரியாக்சோனை முறிக்கும் வித்தை ஒரு பிளாஸ்மிட்டில் இருப்பது தெரிந்தது. அந்த வளையத்தை ஒத்தது ஏற்கெனவே ஈ.கோலையில் காணப்பட்டது. ஜப்பானில் அறுபது ஆண்டுகளுக்கு முன் நடந்த அதே கதை, அதே குடலில், அதே கொடுக்கல் வாங்கல்.

மும்பையிலும் குஜராத்திலும் செஃப்ட்ரியாக்சோனை எதிர்க்கும் டைஃபாய்டு கிருமிகள் கிடைத்ததாக ஆய்வேடுகள் வந்திருக்கின்றன. இன்னும் பரவலாகிவிடவில்லை என்பதே ஆறுதல். வங்காளதேசத்தில் ஒரே ஓர் எழுத்துப்பிழையால் அசித்ரோமைசினை எதிர்க்கக் கற்றுக்கொண்ட கிருமியை 2019இல் விளக்கி எழுதினார்கள். இவ்விரண்டு வித்தையும் ஒரே கிருமியில் சேர்ந்துகொண்டால் என்ன ஆகும் என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

இதற்கு நடுவே ஒரு வேடிக்கையையும் சொல்ல வேண்டும். ஒதுக்கி வைத்த குளோராம்ஃபெனிக்காலுக்கு இப்போது நம் நாட்டு டைஃபாய்டு கிருமிகள் பெரும்பாலும் கேட்கின்றன! யாரும் அந்த மருந்தைக் கொடுக்காததால், அதை எதிர்க்கும் வளையத்தைச் சுமப்பது கிருமிக்கு வீண் சுமையாகிவிட்டது, இறக்கி வைத்துவிட்டது. அப்படியானால் பழையபடி அதையே கொடுக்கலாமே என்று கேட்கத் தோன்றும். எலும்பு மச்சைக் கெடுதல் ஒரு காரணம், நீண்ட நாள் கொடுக்க வேண்டும் என்பது இன்னொரு காரணம். எல்லாவற்றுக்கும் மேலாக, நாம் திரும்ப ஆரம்பித்தால் அதுவும் திரும்ப ஆரம்பிக்கும்.

நம் வீட்டில் நடப்பவை

ஈ.கோலை எங்கேயோ இருக்கும் கிருமி அன்று. இதைப் படிக்கும் ஒவ்வொருவர் குடலிலும் கோடிக்கணக்கில் இருப்பது. நாம் எந்த ஆன்டிபயாடிக்கை எதற்காக விழுங்கினாலும் அது குடலில் உள்ள கிருமிகளுக்கும் சேர்த்தே போகிறது. ஜலதோஷத்துக்கு அசித்ரோமைசின் சாப்பிட்டால், ஜலதோஷம் வைரஸால் வருவது என்பதால் அதற்கு ஒரு பயனும் இல்லை. ஆனால் குடலில் அந்த மருந்துக்கு அடங்கிய கிருமிகள் மடிந்து, அடங்காதவை அந்த இடத்தையும் பிடித்துக்கொண்டு பெருகும். பிறகு ஒரு நாள் கெட்ட தண்ணீரோடு டைஃபாய்டு கிருமி உள்ளே வரும்போது அங்கே உறைமோர் தயாராக இருக்கும்.

வெளியூரில் வாழும் நம்மவர்களிடம் இதற்கு வாய்ப்புகள் சற்று அதிகம் என்பது என் அனுபவம். புதிதாக வந்த காலத்தில் ஹிந்தியோ மராத்தியோ சரியாகப் பேச வராது. டாக்டரிடம் விவரமாகச் சொல்ல முடியாது என்ற தயக்கத்தில், தெருமுனைக் கெமிஸ்ட் கடைக்காரர்தான் முதல் டாக்டர். அவரிடம் வயிற்றைத் தொட்டுக் காட்டினால் போதும், பட்டையில் நாலு மாத்திரை கத்தரித்துக் கொடுப்பார். ஊரிலிருந்து மாமனார் தொலைபேசியில் சொல்லும் மருந்து இரண்டாவது. கோடை விடுமுறைக்கு ஊருக்குப் புறப்படும்போது, ரயிலில் குழந்தைக்கு வயிறு போனால் என்ன செய்வது என்று போன வருஷம் மிச்சமான மாத்திரைப் பட்டையைப் பையில் போட்டுக்கொள்வது மூன்றாவது. எங்கள் வீட்டிலும் அந்தப் பட்டை பல வருஷம் பயணம் செய்திருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

பெரும்பாலான வயிற்றுப்போக்குக்கு ஆன்டிபயாடிக் வேண்டியதே இல்லை. ஆபத்து கிருமியால் வருவதைவிட, உடம்பிலிருந்து நீரும் உப்பும் வெளியேறுவதால்தான் வருகிறது. 1971இல் வங்காளதேசப் போரின்போது பாங்காவ் அகதி முகாமில் காலரா பரவிற்று. ஊசிவழி ஏற்றும் திரவம் தீர்ந்துபோன நிலையில் மருத்துவர் திலீப் மஹலனாபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரை வாய்வழியே குடிக்கச் செய்தார். அங்கே 30 சதவிகிதமாக இருந்த சாவு 3.6 சதவிகிதமாகக் குறைந்தது. காலராவுக்கே அது போதுமென்றால் கல்யாணச் சாப்பாட்டுக்குப் போதாதா? ஓ.ஆர்.எஸ். பொட்டலம் கிடைக்காத இடத்தில் ஒரு லிட்டர் சுத்தமான நீரில் தட்டையாக ஆறு சிறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்துகொள்ளலாம். உப்புப் போட்ட கஞ்சியும் நீர்மோரும் நல்லவைதாம். இளநீரில் சோடியம் உப்பு குறைவு என்பதால் அதை மட்டும் நம்பியிருக்கலாகாது. குழந்தைகளுக்கு மருத்துவர் சொல்லும் அளவில் துத்தநாக மாத்திரையும் கொடுத்தால் போக்கு விரைவில் நிற்கும். மலத்தில் இரத்தம், கடுங்காய்ச்சல், அரிசி கழுவிய நீர்போல் ஓயாத போக்கு, சிறுநீர் இல்லாமை, குழந்தை துவண்டு கிடப்பது, இவற்றில் எது கண்டாலும் காத்திராமல் மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

டைஃபாய்டு இதற்கு நேர் எதிர். அதற்கு ஆன்டிபயாடிக் கட்டாயம் வேண்டும்; ஆனால் சரியான ஒன்று, சரியான நாட்களுக்கு. இங்கேதான் இரண்டு இடத்தில் சறுக்குகிறோம்.

முதலாவது வைடால் சோதனை. 1896இல் ஃபெர்னான்ட் வைடால் கண்டுபிடித்தது. இரத்தத்தில் கிருமி இருக்கிறதா என்று இது பார்ப்பதில்லை. கிருமியை எதிர்க்க உடம்பு செய்துகொண்ட பொருள் இருக்கிறதா என்று பார்க்கிறது. நம் நாட்டில் என்றோ வந்துபோன தொற்றினாலும் தடுப்பூசியினாலும் அந்தப் பொருள் பலர் இரத்தத்தில் இருக்கும். வேறு காய்ச்சல்களிலும் ஏறிக்காட்டும். உண்மையான டைஃபாய்டில் முதல் வாரத்தில் இல்லாமலும் இருக்கும். காய்ச்சல் வந்த இரண்டாம் நாளே வைடால் எடுத்து, “டைஃபாய்டு இருக்கிறது” என்று சொல்லி மருந்து ஆரம்பிக்கப்பட்ட எத்தனையோ பேருக்கு இருந்தது டெங்குவோ சாதாரண வைரஸ் காய்ச்சலோதான். இப்படியும் ஆயிரமாயிரம் ஆன்டிபயாடிக் மாத்திரைகள் வீணாகக் குடலுக்குள் போகின்றன. நம்பகமான சோதனை இரத்தத்தில் கிருமியை வளர்த்துப் பார்ப்பதுதான். லேபில் 'பிளட் கல்ச்சர்' என்று கேட்க வேண்டும். காசு கூடுதல், முடிவு வரச் சில நாளாகும், உண்மையான டைஃபாய்டிலும் சில தடவை கிருமி வளராது. இருந்தாலும் எந்த மருந்துக்குக் கேட்கும் என்பதைச் சொல்லும் சோதனை அது ஒன்றே. முதல் மாத்திரையை விழுங்குவதற்கு முன்னால் இரத்தம் கொடுத்துவிட வேண்டும். இரண்டு வேளை மருந்து உள்ளே போய்விட்டாலும் தட்டில் கிருமி வளராமல் போக வாய்ப்பு அதிகம். “முதலில் மருந்து சாப்பிட்டுப் பார்ப்போம், விடாவிட்டால் டெஸ்ட் எடுப்போம்” என்று வந்தவர்களின் வெறும் தட்டுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது, மூன்றாம் நாள் அவசரம். சரியான மருந்தே கொடுத்தாலும் டைஃபாய்டுக் காய்ச்சல் இறங்க நான்கு முதல் ஏழு நாள் வரை ஆகும். மூன்றாம் நாள் சாயங்காலம் வீட்டில் பதற்றம் ஏற்பட்டு டாக்டரை மாற்றுகிறோம். புது டாக்டர், பழையது கேட்கவில்லை போலிருக்கிறது என்று இன்னொரு ஆன்டிபயாடிக் எழுதுகிறார். அதற்குள் முதல் மருந்து வேலை செய்து காய்ச்சல் விடுகிறது. பெயர் இரண்டாவது மருந்துக்குப் போகிறது. காய்ச்சல் விட்ட மறுநாளே மாத்திரையை நிறுத்திவிடுவது இதன் மறுபக்கம். ஒளிந்திருக்கும் கிருமி இரண்டு மூன்று வாரம் கழித்து மறுபடி தலைதூக்கும். மிச்ச மாத்திரையை அலமாரியில் வைப்போம், அது அடுத்த ரயில் பயணத்துக்குப் போகும்.

கெமிஸ்ட் கடையைப் பற்றியும் சட்டம் இல்லாமல் இல்லை. 2014 மார்ச் முதல் செஃபிக்ஸிம், செஃப்ட்ரியாக்சோன் உள்ளிட்ட பல மருந்துகளை 'எச்1' அட்டவணையில் சேர்த்தார்கள். இவற்றை டாக்டர் சீட்டில்லாமல் விற்கக்கூடாது. விற்றால் நோயாளி, டாக்டர் பெயரைப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். 2016இல் ஆன்டிபயாடிக் பட்டைகளின் மேல் செங்குத்தான சிவப்புக் கோடு எதற்கு என்று மத்திய அரசு விளம்பரமே செய்தது. அந்தக் கோட்டைக் கண்டால் சீட்டில்லாமல் வாங்கக்கூடாத மருந்து என்று பொருள். கோடு இருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டே கத்தரிப்பதும் நடக்கிறது.

மருந்தில் மட்டுமே இந்நோயின் முடிவு இருப்பதாக நினைப்பதும் தவறு. அமெரிக்க நகரங்களில் குளோராம்ஃபெனிக்கால் வருவதற்குப் பல்லாண்டு முன்பே டைஃபாய்டுச் சாவுகள் வெகுவாகக் குறைந்துவிட்டன. காரணம் வடிகட்டிய, குளோரின் கலந்த குழாய்நீரும் மூடிய சாக்கடையும். நம் நாட்டின் நிலையை, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியினர் முன்னின்று 2017 முதல் 2020 வரை நடத்திய ஆய்வு காட்டுகிறது. டெல்லி, கொல்கத்தா, வேலூர் நகர்ப்பகுதிகளிலும் புனே மாவட்டத்துக் கிராமங்களிலும் ஆறு மாதம் முதல் பதினான்கு வயது வரையுள்ள குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். நகர்ப்பகுதிகளில் ஆண்டுக்கு இலட்சம் குழந்தைகளில் 576 முதல் 1173 பேர் வரை டைஃபாய்டு கண்டது. கிராமங்களில் 35 பேர். குடிநீர்க் குழாயும் சாக்கடையும் நெருங்கி ஓடும் நகரத்தில்தான் நம்மில் பலரும் இருக்கிறோம். விடுமுறைக்கு ஊருக்குப் போனாலும் அங்கேயும் பெரும்பாலும் நகரம்தான். நீரைக் கொதி வந்தபின் ஒரு நிமிடமாவது கொதிக்க வைத்து ஆற்றிக் குடிப்பது இரண்டு இடத்திலும் பொருந்தும்.

தடுப்பூசி விஷயத்தில் மட்டும் நிலைமை முன்னைக்கு இப்போது நன்றாக இருக்கிறது. பழைய டைஃபாய்டு ஊசி இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்குப் பயன்படவில்லை. மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மறுபடி போட வேண்டியும் இருந்தது. நம் ஹைதராபாதில் உள்ள பாரத் பயோடெக் நிறுவனம் தயாரித்த கூட்டுத் தடுப்பூசியை ஆறு மாதக் குழந்தைக்கே போடலாம், ஒரே ஊசி. உலகச் சுகாதார நிறுவனம் 2017 இறுதியில் அதற்குத் தகுதிச் சான்று அளித்தது. 2018இல் நவி மும்பை மாநகராட்சி ஒன்பது மாதம் முதல் பதினான்கு வயது வரையுள்ள குழந்தைகளுக்கு அதை இலவசமாகப் போடத் தொடங்கியது. அரசு அமைப்பு ஒன்று இந்த ஊசியைப் பொதுத் திட்டமாக எடுத்துக்கொண்டது உலகிலேயே அதுதான் முதல் தடவை. வாஷி, நெருல் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கு இது நினைவிருக்கும். அடுத்த ஆண்டு பாகிஸ்தான் சிந்து மாகாணத்தில் இதே ஊசியைத் தன் குழந்தைகளுக்குப் போட்டது. அந்த ஹைதராபாதில் பிறந்த கிருமிக்கு இந்த ஹைதராபாதிலிருந்து போன ஊசி. எல்லாவற்றையும் எதிர்க்கக் கற்ற கிருமியும் தடுப்பூசி போட்ட உடம்பில் எளிதாகக் காலூன்ற முடியாது. எந்த மருந்துக்குக் கேட்கும், எதற்குக் கேட்காது என்ற கேள்வியே அங்கே எழுவதில்லை.

நவி மும்பைக்கு வெளியே இருப்பவர்கள் குழந்தை மருத்துவரிடம் 'டைஃபாய்டு கான்ஜுகேட்' ஊசி என்று கேட்டால் தெரியும். பெரியவர்களும் போட்டுக்கொள்ளலாம். உடம்பில் அதன் பலன் பிடிக்க இரண்டு வாரமாவது ஆகும். கோடை விடுமுறைக்கு ரயில் டிக்கெட் எடுத்த கையோடு இதையும் முடித்துவிட்டால், பையில் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை மட்டும் வைத்துக்கொண்டு புறப்படலாம்.